பூண் போட்ட சவரக்கத்தி

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லியே தீர வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார். அன்றைக்கு என் பட்டறை அறை வாசலில் நின்று, சுவரில் தொங்கிய அரங்களை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம சலூனுக்கு வர்ற ஒருத்தர் சவரக்கத்திக்குப் புதுப் பிடி கேக்கறாரு. மரப்பிடிதான். ஆனா முனையில பித்தளை வச்சு, நல்லா கனமா இருக்கணுமாம்."

"யாரு?"

"உனக்குத் தெரியாதவரு."

"இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத தாடியா?"

காகிதத்தில் சுற்றிய கத்தியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பிரித்துப் பார்த்தேன். பழைய பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் அலகை மட்டும் கொண்டுவந்திருந்தார். பிடி இல்லாவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது என்ற நினைப்பு. அலகின் பின்பக்கம் சுண்டுவிரலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்ன வால் வளைந்திருக்கும். அந்த வால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இவருடைய சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் தேய்த்த தேய்ப்பு அது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருஷனின் கத்தி தெரியாதா?

கத்தி யாருடையது என்பது மட்டும் இல்லை. அவருக்குக் கனமான கத்தி எதற்கு என்பதும் எனக்குத் தெரியும்.

அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். முதலில் காட்டிக்கொடுத்தது தேநீர்க் கோப்பை. சாஸர்மேல் வைக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டது. மறுநாளே "டம்ளர்ல குடு, அரை டம்ளர் போதும்" என்றார். அப்புறம் பொத்தான் வைத்த சட்டையெல்லாம் அலமாரிக்குள் போயிற்று, தலைவழியாக மாட்டுகிற பனியன் சட்டைகள் வெளியே வந்தன. பேப்பரைக் கையில் பிடித்துப் படிக்கிற மனிதர் தரையில் விரித்துப் போட்டுக் குனிந்து படித்தார். கேட்டால் முதுகுக்கு நல்லதாம். எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பால்காரர் ஒரு நாள் தாமதமாக வந்தால் அவருடைய பூர்வோத்தரம் முழுக்க விசாரிக்கிறவள் நான். இந்த ஒன்றை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் "ஆமா" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஒரு நாள் அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சீப்பை எடுத்தால் ஆடுகிற கை, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் ஆடவில்லை. அவரும் அதைக் கவனித்துவிட்டார். துணியை ஒதுக்கிவிட்டு, பெட்டியைச் சும்மாவே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் கையையே பார்த்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அந்த வாரம்தான் கனமான கத்தி கேட்கிற வாடிக்கையாளர் வந்து முளைத்தார்.

தெருமுனையில் மூன்று நாற்காலி போட்ட சலூன் எங்களுடையது. முடி வெட்டுவதற்கு இன்னோர் ஆள் உண்டு. கத்தி பிடிப்பது மட்டும் இவர். வீட்டின் பின்னறையில் நான் சவரக்கத்திக்கும் சமையல் கத்திக்கும் மரப்பிடி செய்து, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். அந்த வாரம் கடையில் புதுத் தரை போடுகிறார்கள் என்று மூடியிருந்தது. மூடியிருக்கிறவரை எனக்குச் சோறு இறங்கியது. திறக்கிற நாளை நினைத்தால் இறங்காது, ஏனென்றால் திறக்கிற அன்று காலையில் முதல் நாற்காலியில் உட்காரப் போவது எங்கள் சம்பந்தி.

எங்கள் ஒரே மகளுக்கு அவர் மகனை நிச்சயம் செய்திருக்கிறோம். நல்ல மனிதர்தான். ஆனால் போனை எடுத்தால் வைக்கத் தெரியாது. தினமும் ஒரு தடவை கூப்பிட்டு, எங்கள் வீட்டில் என்ன சமையல் என்பதில் ஆரம்பித்து, அவர் வீட்டு ஆட்களின் உடம்பு வலுவில் வந்து முடிப்பார். "எங்க பரம்பரையில கண்ணாடி போட்டவனே கிடையாது தங்கச்சி! எங்கப்பா கடைசி வரைக்கும் ஊசியில நூல் கோத்தாரு!" என்பார். மருமகளாக வரப்போகிறவளின் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தால் அந்த வாய் என்னென்ன பேசும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருந்தது. போதாக்குறைக்கு அவர் ஆசை வேறு: "புதுக் கடையில முதல் சவரம் எனக்குத்தான். சம்பந்தி கையால, கத்தியில! மெஷின் கிஷின் எல்லாம் என்கிட்ட வேண்டாம்." அவருக்குத் தாடைக்குக் கீழே சதை மூன்று மடிப்பாகத் தொங்கும். அந்த மடிப்பை இழுத்துப் பிடித்து நடுவில் கத்தி ஓட்ட வேண்டும். ஓடும்போதும் அவர் பேசிக்கொண்டே இருப்பார். கை நன்றாக இருக்கிறவனுக்கே வேர்த்துவிடும்.

"வேற யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லலாமே" என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"சம்பந்தி கேட்டு இல்லைன்னு சொல்றதா?" என்றார், சுவரைப் பார்த்து.

சரி, கத்தியாவது அந்தக் கையைப் பிடித்து நிறுத்தட்டும் என்று வேலையில் உட்கார்ந்தேன்.

சவரக்கத்தியின் பிடி என்பது இரண்டு மெல்லிய மரப் பட்டைகள்தான். நடுவில் அலகு மடங்கி உட்காரும். பட்டைகளின் ஒரு முனையில் இருக்கிற ஆணியில்தான் அலகு திரும்பும். அந்த முனையில் மரத்தின்மேல் உலோகம் பதிப்பதைப் போல்ஸ்டர் என்று எழுதி ஆர்டர் அனுப்புவார்கள். நான் பூண் என்பேன். உலக்கைக்குப் போட்டால் பூண், கத்திக்குப் போட்டால் மட்டும் வேறு பெயரா? மரத்தின் முனையைப் பாதிக் கனத்துக்குச் சீவிப் படி மாதிரி இறக்க வேண்டும். அந்தப் படியில் பித்தளைத் துண்டை உட்கார வைத்து, பசை போட்டு இறுக்கி, குறுக்கே சின்னச் சின்னப் பித்தளை ஆணிகளை விட்டு, ஆணித் தலையைத் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். அப்புறம் அரத்தால் ராவினால் ஆணி எங்கே இருக்கிறது என்று அடித்தவளுக்கே தெரியாது. மரமும் பித்தளையும் சேருகிற கோட்டில் இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் சோப்புத் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதிவிடும்.

முதல் ஜோடிக்கு மெல்லிய பித்தளைதான் போட்டேன். தற்காலிகமாக ஒரு போல்ட்டை மாட்டிக் கொடுத்தேன். "அவர்கிட்ட காட்டிட்டு வரேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். நான் தேநீர் போட்டு முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"கனம் போதலயாம்."

"அதுக்குள்ள பாத்துட்டாரா? எங்க நிக்கறாரு?"

"இல்ல, போன்ல சொன்னாரு."

"கனத்தை எப்படிங்க போன்ல பாத்தாரு?"

சுவரில் இருந்த அரங்கள் மறுபடியும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும் போயிற்று. மூடிக் கிடக்கிற கடைக்குள் தனியாக நின்று, கண்ணாடி முன்னால் அந்தக் கத்தியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கை ஆடியிருக்கிறது. வேறென்ன?

இரண்டாவது ஜோடிக்குக் கனமான பித்தளைக் கட்டையை எடுத்தேன். பிடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பூணே வருகிற மாதிரி கோடு போட்டேன். பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். அழகுக்கா செய்கிறேன்?

படி சீவிக்கொண்டிருக்கும்போது சம்பந்தி கூப்பிட்டார். ஒரு கையில் போன், ஒரு கையில் உளி. "சம்பந்திக்கு என்ன தங்கச்சி, குரல் ஒரு மாதிரி இருக்கு? நேத்து பேசினப்ப கவனிச்சேன். உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா, சிமெண்ட் தூசி" என்றேன். "தூசியா? எங்க பரம்பரையில யாரும் தூசிக்குத் தும்மினதே கிடையாது" என்று ஆரம்பித்தார். நான் "ம்" கொட்டிக்கொண்டே சீவினேன். சீவி, பித்தளையை வைத்து, ஆணிக்குத் துளை போட்டு, பசை போட்டு, கிளாம்பில் இறுக்கினேன். மறுநாள் காலையில் கிளாம்பைக் கழற்றி இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஜோடி சேரவில்லை.

பிடியின் பட்டை நேராக இருக்காது, ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அதனால் இரண்டையும் ஒரே மாதிரி செய்யக்கூடாது. ஒன்று கண்ணாடியில் பார்த்த இன்னொன்றாக இருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே பக்கத்துக்குச் செய்து வைத்திருந்தேன். வளைவைச் சேர்த்தால் ஒன்றின் பித்தளை உள்ளே வருகிறது. பித்தளையை வெளியே திருப்பினால் வளைவு ஒன்று மேலே, ஒன்று கீழே போகிறது. இரண்டும் இடது கால் செருப்பு. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் கூட நான் இப்படிச் செய்தது கிடையாது.

அவர் வந்து பார்த்தார். அவருக்கு இந்த வேலை அரைகுறையாகத் தெரியும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை, குனிந்து பார்த்தார். இப்போதெல்லாம் எதையும் கையில் எடுப்பதில்லை.

"என்னிக்கும் இப்படிப் பண்ண மாட்டியே. என்ன யோசனை?"

சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. உங்க கைதான் யோசனை, வேறென்ன யோசனை எனக்கு?

"கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு, அந்த யோசனைதான்" என்றேன். நானும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வேணும்னா அவர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகம் கூம்பிப் போனது. நாளை மறுநாள் கடை திறக்கிறது.

"வேண்டாம். முடிச்சுடறேன்."

அந்த மரத்தில் ஒரு ஜோடிக்குத்தான் பலகை மிச்சம் இருந்தது. நல்ல ரோஸ்வுட், சேர்த்து வைத்திருந்தது. வேறு மரத்தில் செய்யலாம்தான். ஆனால் லேசான மரம் போட்டால் பூண் மட்டும் கனத்துத் தலை சாய்ந்துவிடும், விரலில் சரியாக உட்காராது. அதனால் அதையே எடுத்தேன். இந்தத் தடவை போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். ஒவ்வொரு பட்டையிலும் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று சின்னப் பிள்ளை மாதிரி பென்சிலால் எழுதினேன். எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். அப்படியும் வாள் வைக்கும்போது கை கூசியது.

படி நன்றாக வந்தது. பித்தளை அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சீக்கிரம் காய்கிற பசை போட்டேன். அது காய்கிற நேரத்தில் உட்கார முடியாமல் பாத்திரத்தையெல்லாம் இரண்டாவது தடவை துலக்கினேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாத்திரங்கள்.

அடுத்து ஆணித் தலை பரப்ப வேண்டும். இதில்தான் மரம் பிளக்கும். பட்டடைமேல் பட்டையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சின்னச் சுத்தியலால் ஆணித் தலையைச் சுற்றிச் சுற்றிப் பொறுமையாகத் தட்டினால் நல்லது. இத்தனை வருஷமும் பிடித்துக்கொள்வது அவர்தான். பழக்க தோஷம், யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன்.

"என்னங்க, கொஞ்சம் பிடிங்க."

வந்தார். பட்டடை வரைக்கும் வந்து நின்றார். நான் சுத்தியலோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் வலது கையை இடது கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"கையெல்லாம் எண்ணெய். கழுவிட்டு வந்துடறேன்" என்றார்.

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் நிற்கட்டும் என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. கடைசியில் பட்டையின் கீழே தோல் துண்டைப் போட்டு, முழங்கையால் அழுத்திக்கொண்டு நானே தட்டினேன். நான்காவது ஆணியில் மரத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் துடைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பிளவு ஒன்றும் இல்லை. பசைத் துளி ஒன்று தெறித்த சத்தம், அவ்வளவுதான். "சண்டாளி, உயிரை வாங்குறியே" என்று அந்தப் பசையைத் திட்டினேன்.

அன்று ராத்திரி வரைக்கும் ராவினேன். இதற்கு மெஷினைத் தொடவில்லை. மெஷினில் பித்தளை சூடாகும், சூடானால் பசை விட்டுப்போகும். பித்தளைத் தூள் மரத்தின் துளைகளில் ஏறாமல் இருக்க, மரத்துக்கு முன்கூட்டியே வார்னிஷ் தடவியிருந்தேன். அரம், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைஸான உப்புத்தாள். மறுநாள் மத்தியானம் அலகை நடுவில் வைத்து, வாஷர் போட்டு, அலகு திரும்புகிற ஆணியையும் மறுமுனை ஆணியையும் அடித்து முடித்தேன். மடக்கினால் அலகு இரண்டு பட்டைக்கும் சரிநடுவில் இறங்கியது. விரலை மரத்திலிருந்து பித்தளைக்கு ஓட்டினால் எங்கே மரம் முடிந்தது என்று தெரியவில்லை. என் கையால் நான் செய்ததில் அதுதான் நல்ல வேலை. எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷம் கூட இல்லை.

கூப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். விரித்தார். பிடி மேலே நிற்க, பூணின் கனம் அவருடைய மூன்று விரலுக்கும் நேர் மேலே வந்து உட்கார்ந்தது. நான் வெட்கம் இல்லாமல் அவர் கையையே பார்த்தேன். அது ஆடவில்லை. நின்றது. அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது.

"நல்லா இருக்கு. அவருக்குப் பிடிக்கும்."

"நாளைக்குக் காலையிலயே குடுத்துடுவீங்களா?"

"ம். காலையிலயே."

சந்தோஷமாகத் தோல்வாரை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டித் தீட்ட ஆரம்பித்தார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. காற்றில் நிற்கிற கை கழுத்தில் நிற்குமா? அது தெரியாமல் நாளைக் காலையில் அந்த மூன்று மடிப்புச் சதைமேல் இவரை அனுப்பிவிட்டு, நான் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவேனா? சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டேன். தலைமுடியைத் தூக்கி உச்சியில் கொண்டை போட்டு உட்கார்ந்தேன்.

"முதல்ல எனக்கு."

"உனக்கென்ன? தாடியா முளைச்சிருக்கு?"

"பின்கழுத்துல முடி மண்டிக் கிடக்கு. கல்யாணத்துல கொண்டை போட்டா அசிங்கமா தெரியும்."

"கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. அப்ப மெஷின்ல எடுத்து விடறேன்."

"எனக்கு இப்பவே வேணும். கத்தியிலதான் வேணும்."

தோல்வாரில் கத்தி போகிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து வெந்நீர் வைக்கிற சத்தம் கேட்டது, கிண்ணத்தில் பிரஷ் சுழல்கிற சத்தம் கேட்டது. கழுத்தில் நுரை சூடாகப் பட்டது. இடது கையால் என் தலையைக் குனிய வைத்துப் பிடித்தார். அந்தக் கை உறுதியாக இருந்தது. மற்ற கையை என்னால் பார்க்க முடியாது.

முதல் இழுப்பு. சரசரவென்று முடி அறுபடும் சத்தம் என் எலும்பு வழியாகக் கேட்டது. இரண்டாவது. நாற்காலியின் அடியில் என் நகம் மரத்தில் இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் இந்த மனிதரிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறார்கள். பெண்டாட்டி நான் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஆடாத" என்றார்.

"நான் எங்க ஆடறேன்?"

"உன் தோள் ஆடுது."

மூன்றாவது இழுப்பும் நன்றாகப் போயிற்று. நான்காவதும் போயிற்று. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சரியாகிவிட்டது, நாளைக்கு ஒன்றும் ஆகாது, சம்பந்தி வாயாரப் பேசிவிட்டு வழவழவென்று எழுந்து போவார், கல்யாணம் நடக்கும் என்று கிடுகிடுவென்று மனசுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். கத்தி இடது காதுக்குப் பின்னால் வந்தது. அங்கே ஒரு தடவை தயங்கியது. அப்புறம் துள்ளியது. சுரீர் என்றது.

"கீறிடுச்சா?"

"இல்லையே" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

மடியில் இருந்த துண்டைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். நான் துடைப்பதற்குள் அவர் பிடுங்கி, தானே ஒற்றி எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் துண்டு. கடையில் எல்லாத் துண்டும் வெள்ளைதான் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

"இல்லைன்னு சொன்னியே."

"சின்னதுங்க. எறும்பு கடிச்ச மாதிரி."

"சம்பந்தி தொண்டையிலயும் எறும்புதான் கடிக்குமா?"

அவர் கத்தியைத் துடைத்து மடக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். மடக்கும்போது அலகு இரண்டு தடவை பட்டையில் தட்டியது. நான் எழுந்து திரும்பினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் உளற ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்சம் கனம் ஏத்தட்டுமா? மரத்துக்குள்ள குடைஞ்சு ஈயம் வைக்கலாம். இல்ல, கனம் ஜாஸ்தியாயிடுச்சா? கொஞ்சம் ராவி எடுத்துடறேன், இன்னும் பொழுது இருக்கு..."

"பிடியில ஒரு குறையும் இல்ல. அவரு கையிலதான் குறை."

அப்போதும் 'அவரு' என்றுதான் சொன்னார். ஆனால் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"முதல்ல நல்லா நிக்குதாம். நாலு இழுப்பு போனா கனத்துல கை சலிச்சுப் போகுதாம். அப்புறம் முன்னவிட ஜாஸ்தியா ஆடுதாம்."

"அவரு டாக்டர்கிட்ட போனாராமா?"

"போகலையாம்."

"ஏனாம்?"

"பயமாம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. "எனக்கும்தாங்க பயம்" என்றேன். "ரெண்டு மாசமா."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வலது கையை ஒளிக்காமல் முழங்கால்மேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சம்பந்திக்குப் போன் போடு" என்றார்.

"என்ன சொல்லப் போறீங்க? தரை இன்னும் காயலன்னு சொல்லிடலாமா? காய்ச்சல்னு சொல்லலாம்."

"நாளைக்குக் காய்ச்சல். நாளான்னிக்கு?"

"அவரு பரம்பரை பரம்பரைன்னு பேசற ஆளுங்க. நம்ம பொண்ணு கல்யாணம். டாக்டரைப் பார்த்துட்டு, என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா..."

"நம்ம பொண்ணுக்கு நான் அப்பா. அவருக்கு நான் கத்தி வைக்கற ஆள். தெரிஞ்சே வச்சா நான் என்ன ஆளு?" என்றார். அவர் குரல் உயரவில்லை. "போடு."

அரிசி டப்பாவுக்குள்ளிருந்து போனை எடுத்து ஆன் செய்தேன். நம்பரை நான்தான் அழுத்தினேன். கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் சம்பந்தி எடுத்த எடுப்பிலேயே பேச ஆரம்பித்திருக்க வேண்டும். இவர் கொஞ்ச நேரம் 'ம்' கொட்டினார். அப்புறம் நடுவில் புகுந்தார்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம். நாளைக்கு உங்களுக்கு நான் சவரம் பண்ண முடியாது. என் கை நடுங்குது."

சம்பந்தியின் குரல் நின்றுபோனதை அறைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே என்னால் கேட்க முடிந்தது. அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் அறிந்ததில்லை. என் கழுத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அந்த மௌனத்தில் என் மகளின் கல்யாணம் நிற்கிறதா போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் ஓடிவிடலாம் போல இருந்தது. அப்புறம் அவர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை, இவர் சொன்ன பதில்தான் விழுந்தது.

"ரெண்டு மாசமாச்சு... இல்ல, என்னன்னு இன்னும் தெரியல. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்... மறைக்கணும்னுதான் பார்த்தேன், மன்னிச்சிடுங்க. முடியல."

மறுபடியும் சம்பந்தி ஏதோ கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். போன் அவர் கன்னத்தில் லேசாகத் தட்டித் தட்டி ஆடியது.

"அவளுக்கா?" என்றார். "எல்லாம் தெரியும் சம்பந்தி. தெரிஞ்சேதான் எனக்குக் கழுத்தைக் குடுத்தா."